கேமராவுக்கு ஒரு கயிறு

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

மஞ்சள் கயிறு. நடுவில் ஒரு துண்டு விரலி மஞ்சள். பூஜை சாமான் கடையில் அவளே வாங்கியது.

நிஜத் தாலியை, விவாகரத்து கிடைத்த அன்றே மாரியம்மன் கோவில் உண்டியலில் போட்டுவிட்டாள். அழவில்லை. கோவில் வாசலில் நின்று வயிறாரப் பொங்கல் சாப்பிட்டாள்.

சமையல் சேனல் ஆரம்பித்த புதிதில் வெறுங்கழுத்தோடுதான் சமைத்தாள்.

ஒருத்தரும் குழம்பைப் பார்க்கவில்லை.

'தாலி எங்க அக்கா?'

'இதெல்லாம் ஒரு குடும்பப் பொண்ணா?'

கேட்டவர்களில் பாதிப் பேரின் முகப்புப் படத்தில் சாமி இருந்தது. அவர்களில் சிலர் ராத்திரியானால் இன்பாக்ஸில் வந்து வேறு மாதிரிக் கேட்டார்கள்.

விளம்பரம் தர வந்த மசாலாக் கம்பெனிக்காரர் தன்மையாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் ஃபேமிலி லுக் வேணும் மேடம்."

வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் இந்தச் சேனலில்தான் ஓடுகின்றன. கட்டிக்கொண்டாள்.

மங்களகரம் என்றார்கள். மகாலட்சுமி என்றார்கள். அதே கத்தரிக்காய்க் குழம்புதான்.

தாலி கட்டியவன் நெரித்த கழுத்து அது. கயிறு உரசும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடியோ முடிந்த கையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள்.

இன்று நேரலை.

புளியைக் கரைத்துக்கொண்டே கமெண்டுகளுக்குப் பதில் சொன்னாள். நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்றாள். வெல்லம் கடைசியில் என்றாள்.

அப்போது ஒரு பெயர் வந்தது.

சரவணப்பெருமாள். முகப்புப் படத்தில் அவனும் அவளும் நிற்கும் கல்யாணப் போட்டோ.

'என் பொண்டாட்டி கைப்பக்குவம் யாருக்கு வரும்!'

இதயங்கள் கொட்டின.

'அண்ணா குடுத்து வெச்சவர்.'

'அண்ணாவையும் காட்டுங்க அக்கா.'

'ஜோடியா ஒரு வீடியோ போடுங்க!'

புளித் தண்ணீருக்குள் அவள் கை அப்படியே நின்றது.

இவன் என் புருஷன் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், கழுத்தில் கிடப்பது யார் கட்டியது என்று கேட்பார்கள்.

ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மசாலாக் கம்பெனிக்காரரும்தான்.

சிரித்தாள்.

"அவருக்கு இந்தக் குழம்புன்னா உசுரு," என்றாள்.

உடனே பதில் வந்தது.

'வந்துட்டே இருக்கேன். இலையப் போடு.'

அதற்குத்தான் இதயங்கள் அதிகம் விழுந்தன.

சிரித்த முகம் மாறாமல் குழம்பைக் கிளறினாள். வாசல் கதவைத் தாழ் போட்டோமா என்பது மட்டும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.