வால்வு இல்லாத குழாய்

மலைத் தடத்தில் பன்னிரண்டு சுற்று முடித்துப் பந்தய வண்டி எங்கள் கொட்டகைக்குள் வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது.

எங்கள் மெக்கானிக் ஃபுமினோ பானெட்டைத் தூக்கினாள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி, செருகிய இடத்தில் செருகியபடியே இருந்தது.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போன மாதம் இதே தடத்தில், இதே வண்டியில், அந்தக் கம்பி பிடுங்கிக்கொண்டு எகிறியது. இரண்டாவது வளைவு முழுக்க எண்ணெய். சிவப்புக் கொடி காட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். சுண்ணாம்புத் தூள் போட்டுப் பெருக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் உங்கள் பட்டறை வண்டி இந்த வருஷம் இந்த மலை ஏற வேண்டாம் என்று தடத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவு வால்வு.

டர்போ வைத்த எஞ்சினுக்குள் காற்று அமுக்கப்பட்டுத்தான் போகும். அது வெடித்து எரியும்போது கொஞ்சம் புகை பிஸ்டனைத் தாண்டி, கீழே எண்ணெய் இருக்கும் பக்கம் நழுவிவிடும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. டர்போவின் அழுத்தம் அதே குழாயில் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று நடுவில் ஒருவழி வால்வு. அதைத் திருப்பி மாட்டியிருந்தது. போக வேண்டியது போகவில்லை. வரக்கூடாதது வந்தது; உள்ளே அழுத்தம் ஏறிக் கம்பியைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில், தடத்தில் எண்ணெய் கொட்டியவர்கள் கொட்டகை கொட்டகையாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது.

ஃபுமினோ அன்றைக்கு அடிவாரக் கடையில் பதினோரு பெட்டி யோகான், கட்டி கட்டியான பயறு இனிப்பு, வாங்கி வந்தாள். இருபது வருஷம் பஸ் டிப்போவில் வேலை பார்த்த, நாற்பத்திரண்டு வயதுக்காரி. பதினோரு கொட்டகையிலும் இடுப்பு மடியக் குனிந்து, எங்கள் பட்டறையின் தவறு என்று சொன்னாள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கொட்டகை ஒரிதானி மட்டும் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, இனிப்பில் இருக்கிற கனம் வேலையில் இல்லையே என்றார். அதற்கும் குனிந்தாள்.

இந்த முறை பழைய குழாய்கள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள்.

மூன்று நாள். ஒவ்வொரு குழாயையும் கையில் வளைத்து வளைத்துப் பார்ப்பாள். மடிப்பு விழாத வளைவு கிடைக்கும்வரை கத்தியை எடுக்க மாட்டாள். எஞ்சின் தலையிலிருந்து தடித்த குழாய் இரண்டு, ஓரிடத்திலும் தொய்யாமல் ஏறு முகமாகவே போய் மேலே ஒரு டப்பாவில் சேர்ந்தன. அப்படிப் போனால்தான் கூட வரும் எண்ணெய் தானாகக் கீழே வழியும். தொய்வு இருந்தால் அங்கே தேங்கி, எங்கள் ஊர்க் குளிருக்கு உறைந்து அடைத்துக்கொள்ளும். டப்பாவிலிருந்து ஒரே குழாய், டர்போவின் வாய்க்கு. அங்கே எந்நேரமும் உறிஞ்சல்தான்.

வால்வு எங்கே என்று கேட்டேன்.

தப்பாக மாட்டக்கூடிய சாமானே வண்டியில் இருக்க வேண்டாம் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இப்போது அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். வண்டிக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர் கொமினே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். கழற்றலாமா என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். எனக்கென்ன தெரியும்.

வெளியே வந்தவள் துடைத்த வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் புழுதி. எண்ணெய் இல்லை.

கொமினே ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையெல்லாம் வேர்வை.

ஒரிதானி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். குழாய் போன வழியெல்லாம் அவர் மூக்கும் போனது.  அவர் ஆட்களும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நிமிர்ந்தார்.

"என்னம்மா, போன மாசம் தலைகீழா மாட்டின கையா இது? ஒரே மாசத்துல நல்லாத்தான் தேறியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபுமினோவும் சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள்.

முப்பத்தோரு வருஷமாகப் பட்டறைப் பலகையில் இருப்பது என் பெயர். அதைப் பார்த்து எத்தனையோ தடவை நானே நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் குழாய்களைப் பார்த்தபோது வந்த பெருமை வேறு மாதிரி. அதை வைத்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் இரண்டு கைகளையும் ஒரிதானி முன்னால் நீட்டினேன்.

"மாட்டின கை இது, ஒரிதானி. அன்னிக்கு நான் வெக்கப்பட்டு லாரிக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. அப்புறம் எதற்கு இவள் வந்து குனிந்தாள் என்று அவர் கேட்டார். ஃபுமினோ துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவள் என்று சொன்னேன். எங்கள் பட்டறைக்கு வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்; சேர்ந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை.