மேட்டு வாழை

லாரியிலிருந்து குதித்த வெட்டு ஆட்கள் என் மனைவி முன்னால் வரிசையில் நின்றார்கள்.

தோட்டத்து வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. காலை முக்க வேண்டும், அரிவாளையும் முக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே போகலாம்.

வாழை வியாபாரி மட்டும் தன் புது பூட்ஸைப் பார்த்துத் தயங்கினார். அவள் தொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மனிதர் பூட்ஸோடு இறங்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடப் பிறந்த அண்ணனையே இந்த வாசலில் திருப்பி அனுப்பியவள், வியாபாரி எம்மாத்திரம்? ஊரில் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்றே பெயர்.

போன வருடம் முன்னெப்போதும் இல்லாத வெயில். அதன் பின்னாலேயே பருவம் தப்பி வெள்ளம். வாடல் நோய் தண்ணீரோடு தோட்டம் தோட்டமாகப் போய் ஊர் வாழையை மொத்தமாகச் சாய்த்துவிட்டது.

எங்கள் நிலம் மேடு, வெள்ளம் ஏறவில்லை. ஆனால் நோய் நுழையக் காலில் ஒட்டிய துளி மண் போதும். நுழைந்தால் அந்த மண்ணில் எங்கள் ஆயுசுக்கும் வாழை இல்லை. எங்களுக்கு இருப்பதோ இந்த ஒரு துண்டு நிலம்.

வெட்டு தொடங்கியது. ஒவ்வொரு தாரும் ஒரு ஆள் சுமை. வியாபாரி ஒரு மரத்திலாவது வாடல் தெரிகிறதா என்று தேடித் தேடித் தோற்றுப்போனார். எனக்கு மீசையை முறுக்கத் தோன்றியது, மீசைதான் இல்லை.

"அக்கா, இந்தப் பக்கத்துலயே வாழைன்னு மிச்சம் இருக்கறது இதுதான்! உள்ள வந்து நீங்களே பாருங்க!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"நான் வரக்கூடாதுங்க," என்றாள், வேலிக்கு வெளியே நின்றபடி.

வெள்ளத்துக்கு அப்புறம் அவள் உள்ளே வந்ததே இல்லை. நோய் விழுந்த தோட்டங்களில் செத்த மரங்களைத் தோண்டி எரிக்கும் கூலி வேலைக்குப் போகிறாள். அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. குளித்தால் போகாதா என்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். தன் நகக்கண்ணைக்கூட நம்பாதவள். இந்த மரங்களை முழங்கால் உயரக் கன்றாகத் தொட்டதோடு சரி.

இருந்ததிலேயே பெரிய தாரைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். கனத்தில் தடுமாறினாள்.

வாங்கிக்கொள்ள லாரி ஆள் கை நீட்டினான். கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, லாரி வரை தானே சுமந்து போனாள்.