சுண்ணாம்புக் கோடு

"யாரைக் கேட்டும்மா என் பிளாட்டுல ராகி விதைச்ச?"

மாடசாமி ரோட்டில் நின்றபடியே கத்தினான். கதிர் அறுத்துக்கொண்டிருந்த கெம்பம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரையும் கேக்கல சாமி. மழை வந்துச்சு, விதைச்சேன். ஊட்டா ஆச்சா?"

"நாங்க ஒண்ணும் சாப்பிட வரல."

உத்தனப்பள்ளி தாண்டி இருக்கும் இந்த இடம், பிளாட் ஆவதற்கு முன்னால் கெம்பம்மா குடும்பத்து மானாவாரிக் கொல்லை. விற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வீடு எழும்பாத மனைகளில் எல்லாம் ஆடி மழை விழுந்ததும் அவள் ஏர் ஓட்டிவிடுவாள். மார்கழி வருவதற்குள் மனைக்கற்கள் ராகிக்குள் மூழ்கிப் போயிருக்கும்.

மாடசாமி நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். தூங்காத கண்ணுக்குப் பனியில் எல்லாமே தரையை விட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தன. கதிர், பாறை, பக்கத்தில் நின்ற மனைவி பேச்சியம்மாள்கூட. எங்கிருந்தோ அவரைப்பூ வாசம் வந்துகொண்டிருந்தது.

"கத்தாதீங்க. வயசான மனுஷி."

"செத்த நேரத்துல புரோக்கர் வாராரு. இப்படிக் காடாக் கெடந்தா எவன் வாங்குவான்?"

பேச்சியம்மாள் மனையோரத்துப் பாறைப் பக்கம் நகர்ந்தாள். மனையை விற்பது என்று முடிவான நாளிலிருந்தே அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

ஆனி மாதத்தில் நிறையப் பேசினாள். "அடுக்களை இங்க. ஜன்னல் கிழக்க பாத்து வேணும். இது ஹால். இது கோவில்பட்டியில இருந்து உங்க அம்மா வந்தா படுக்க." அவள் சொல்லச் சொல்ல, மாடசாமி சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓசூரில் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வாடகை வீட்டுக்குத் திரும்புவார்கள்.

ஆடியில் வண்டிக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டார்கள். வர முடியவில்லை. ஐப்பசியில் ஓவர்டைமே நின்றுபோனது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்துவிட்டதாம், இங்கே வண்டி வாங்க ஆளில்லையாம். வீட்டு லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வர மனசு வரவில்லை.

இப்போது வந்தால், மனையையே காணோம்.

மாடசாமி ராகிக்குள் இறங்கினான். கொஞ்ச தூரத்தில் அவரைச்செடிகள் இடுப்பு உயரத்துக்கு அடர்ந்து நின்றன, பூவும் பிஞ்சுமாக. ஒன்றைப் பிடித்து இழுத்தான். ஈர மண்ணோடு சுலபமாக வந்தது. அடுத்ததை இழுத்தான்.

கெம்பம்மா ஓடி வந்தாள்.

"அதைப் புடுங்காத சாமி. ராகிய வேணா மொத்தமா எடுத்துக்கோ. அவரைய வுட்டுடு."

"ஏன், அவரைக்கு வெல ஜாஸ்தியோ?"

"அது எனக்கு இல்ல சாமி. உனக்குத்தான்..."

"எனக்கா? நான் கேட்டேனா உன்கிட்ட? அடுத்தவன் எடத்துல போட்டுட்டு, கேட்டா எனக்காம்."

மேற்கொண்டு அவள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. இழுத்து இழுத்துப் பின்னால் எறிந்துகொண்டே போனான்.

புரோக்கர் வருகிறாரா என்று பார்க்கப் பேச்சியம்மாள் மனையோரத்துப் பாறையில் ஏறியிருந்தாள்.

"ஏங்க. நிறுத்துங்க."

"என்ன, வந்துட்டாரா?"

"இல்ல. நீங்க அடுக்களைச் சுவத்தை இடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

தூங்காதது நான், இவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவன் பாறையில் ஏறினான்.

பனி விலகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பழுத்த ராகி. நடுவில் அவரை மட்டும் ஒரே வரிசையாக நேராகப் போய், மூலையில் திரும்பி, மறுபடி திரும்பி, ஒரு வாசலுக்கு இடம் விட்டு வந்து நின்றது. உள்ளே ஒரு ஹால். பக்கத்தில் அம்மா படுக்க அறை. கிழக்கே ஜன்னலுக்கும் ஒரு சந்து. அறைகளுக்குள் ஒரு கதிர்கூட இல்லை. களை எடுத்த வெறும் தரை.

அடுக்களைச் சுவர் இருந்த இடத்தில் குழிகள் தெரிந்தன.

"மழை வந்தா சுண்ணாம்பு நிக்குமா?" கீழே இருந்து கெம்பம்மா சொன்னாள். "கோடு அழிஞ்சா நீங்க எங்கன்னு தேடுவீங்க? அதான் கோட்டு மேலயே அவரைய ஊனினேன்."

"உள்ள ஏம்மா ஒண்ணும் விதைக்கல?" பேச்சியம்மாள் கேட்டாள்.

"மாடு மேய்க்கறப்ப பாத்திருக்கேன் தாயி. நீ செருப்பைக் கோட்டுக்கு வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான உள்ள போவ? ஆளுங்க இருக்கற வூட்டுக்குள்ள யாராவது ஏர் ஓட்டுவாங்களா?"

மாடசாமியின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். புரோக்கர். அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தான்.

பிறகு இறங்கி, எறிந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். சுற்றிக்கொண்டு போய், வாசலுக்கு விட்ட இடத்தில் செருப்பைக் கழற்றினான். ஹாலைக் கடந்து அடுக்களைக்குள் மண்டி போட்டு, ஒரு செடியைக் குழியில் நிறுத்தி மண்ணை அணைத்தான். கையை எடுத்ததும் அது சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான்.

கெம்பம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பூ வுட்ட செடி இனிமே வேர் புடிக்காது சாமி. அந்த ஒரு செவுத்தை மட்டும் நீ கல்லுல கட்டிக்கோ."