இரண்டு பக்கச் சுவர்

மாமா அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, உருண்டைத் தொட்டியின் இடுப்பைச் சுற்றி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"உன் அத்தையைவிட ரெண்டு சுத்துதான் அதிகம், மருமகளே."

அவள் சிரித்துவிட்டாள். தொட்டிகளை அளந்து சான்று கொடுப்பது அவள் தொழில். இந்தத் தொட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

முன்பு இதற்குப் பொறுப்பாளர் அப்பா. தொட்டியை முழுக்க நிரப்பி, அதன் தகட்டில் பொறித்திருந்த கொள்ளளவை நம்பிக் கணக்கில் எழுதுவார். லாரிகளில் இறக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் குறையும். திருடன் என்று வெளியே அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு அம்மாவின் தம்பியான இந்த மாமா வந்தார்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. சோற்றுத் தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரே ஒருமுறை, சாப்பாட்டின் நடுவே, "நான் எடுக்கல" என்றார் அப்பா. யாரும் தலை நிமிரவில்லை. மகளான அவளும்தான்.

சுற்றளவிலிருந்து வெளி விட்டம் வந்தது. ஆறு மீட்டர். எஃகுச் சுவரின் தடிமன் ஐந்து சென்டிமீட்டர்.

விட்டத்திலிருந்து இந்தப் பக்கச் சுவரையும் அந்தப் பக்கச் சுவரையும் கழித்தாள். மிச்சத்தை வைத்துக் கொள்ளளவைப் போட்டாள். தகட்டில் இருந்ததைவிட இரண்டாயிரத்து எழுநூறு லிட்டருக்கு மேல் குறைந்தது.

ஏதோ தோன்றி, ஒரு பக்கச் சுவரை மட்டும் கழித்துப் போட்டுப் பார்த்தாள்.

தகட்டின் எண் அப்படியே வந்து நின்றது.

யாரோ ஒருவன், அவசரத்திலோ அரைத் தூக்கத்திலோ, எதிர்ப்பக்கமும் சுவர் இருப்பதை மறந்திருக்கிறான். அப்பா திருடியதாகச் சொன்ன இடத்தில் திரவம் இருந்ததே இல்லை. எஃகுதான் இருந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைகிறதே, எந்தத் திருடன் இவ்வளவு ஒழுங்காகத் திருடுவான் என்று அன்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"மாமா, எதுவுமே காணாமப் போகல. தகட்டுல போட்டிருக்கிற அளவு இதுக்குள்ள பிடிக்கவே பிடிக்காது. அப்பா எடுக்கல, மாமா!"

அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. சரியாகப் போட்டாயா என்றும் கேட்கவில்லை.

"தகட்டை மாத்திடலாம்மா. வீட்டுல மட்டும் ஒண்ணும் சொல்லிக்காத. அக்கா தாங்கமாட்டா."

அம்மா கம்பெனிக்காரர்களின் கணக்கை என்றைக்குமே நம்பியதில்லை. "ராத்திரி மச்சான் வால்வைத் திறந்து வேற லாரிக்குப் பிடிச்சுக்கிட்டிருந்தாருக்கா, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று கூடப்பிறந்த தம்பி சமையலறையில் உட்கார்ந்து அழுதானே, அதைத்தான் நம்பினாள்.