டீச்சர் வீட்டு ரோஜா

ஒரு ஊரில் ஒரு டெய்லர் இருந்தார். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு தையல் மெஷின். மெஷின் சத்தம் பொறுக்காமல் இரண்டு வீட்டுக்காரர்கள் துரத்திவிட்டதில், ஒரே வருஷத்தில் இது மூன்றாவது வீடு.

வீட்டுக்கு உரிமையாளர், ரிட்டயர் ஆன டீச்சர். சாவி கொடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மெஷினை எவ்வளவு நேரம் வேணா ஓட்டிக்கோங்க. சுவத்துல ஆணி அடிச்சுக்கோங்க. ஆனா தோட்டத்துல அந்த ரோஜா இருக்கு பாருங்க, அது எங்க சார் தன் கையால வச்சது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். மூணு மாசம் கழிச்சு சாரோட வருவேன்."

என்ன ரோஜா, என்ன நிறம் என்று கேட்க டெய்லருக்குத் தைரியம் வரவில்லை. போய்ப் பார்த்தால் பூவும் இல்லை, மொட்டும் இல்லை. காய்ந்த குச்சி இரண்டு. அடியிலிருந்து தளதளவென்று ஒரு முளை.

கத்தரிக்கோலை எடுத்துக் காய்ந்ததை வெட்டினார். முளையை வளர்த்தார். டீத்தூள் போட்டார், முட்டை ஓடு போட்டார். அது மதில் உயரம் போனது. பூ மட்டும் வரவே இல்லை.

டீச்சர் வருவதற்கு முதல் நாள் மனைவி செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஒரு மொட்டாவது வேணாமாங்க? கேட்டா என்ன சொல்றது?"

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு இருவரும் நர்சரிக்கு ஓடினார்கள்.

நர்சரிக்காரர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளைத் தடவினார். "இது ஒட்டுக்கு மேல வந்ததா, கீழ வந்ததா?"

"ஒட்டா?"

"அண்ணே, காட்டு ரோஜா வேர்மேல நல்ல ரோஜாவை ஒட்டு வச்சுத்தான் விப்போம். கீழேருந்து கிளம்புற முளையைப் பிச்சு எறியணும். நீங்க ரோஜாவை வெட்டிட்டு, காட்டுச் செடிக்குச் சோறு போட்டிருக்கீங்க."

டெய்லர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"துணின்னா மூணு தடவை அளப்பீங்க. செடின்னதும் கை அரிச்சுதா?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"பார்க்கவே சகிக்கல, வெட்டுங்கன்னு சொன்னது யாரு?"

"ஐயோ, பாப்பாவை இப்பதான் ஸ்கூல்ல சேர்த்தோம்..."

"எந்த வீடு?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

சொன்னார்கள். அவர் உள்ளே போனார். பூவும் மொட்டுமாக ஒரு மஞ்சள் ரோஜாவைத் தொட்டியோடு தூக்கி வந்தார். "அதைப் பிடுங்கிட்டு இதை வச்சிடுங்க."

"கண்டுபிடிச்சிட்டா?"

"வச்சிட்டு மண்ணை நல்லா மிதிச்சு விடுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. டீச்சரும் அவர் கணவர் சாரும் இறங்கினார்கள்.

"அம்மா, கை வலிக்குது" என்றாள் மகள். அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள் டெய்லரின் மனைவி.

சார் கைத்தடியை ஊன்றி நேராக ரோஜாவிடம் போனார். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டெய்லருக்கு நெஞ்சு மெஷின் மாதிரி ஓடியது.

"நான் வச்ச செடி!" என்று நிமிர்ந்தார் சார். "எப்படிப் பூத்திருக்கு பாத்தியா?"

டீச்சர் பூவைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த ஈர மண்ணைப் பார்த்தார். அப்புறம் டெய்லரைப் பார்த்தார்.

"நீங்க வாசல்ல உட்காருங்க, வெயிலா இருக்கு" என்று சாரை அனுப்பிவிட்டு, "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

மெஷின் அறைக்குள் நுழைந்ததும் மனைவிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "டீச்சர், அது உங்க செடி இல்ல. உங்க செடியை நாங்க தெரியாம வெட்டிக் கொன்னுட்டோம். இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடாதீங்க..."

"மெதுவா பேசும்மா! அவர் காதுல விழப்போகுது." டீச்சர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவர் வச்ச செடி போய் அஞ்சு வருஷம் ஆச்சு. வச்ச மறுமாசமே, ஒரு பூகூடப் பூக்கிறதுக்கு முன்னாடி, அவர் ஆஸ்பத்திரியில படுத்துட்டார். நான்தான் பார்த்துக்கிட்டேன். உங்களை மாதிரியே, காஞ்சதுன்னு ரோஜாவை வெட்டிட்டு காட்டு முளையை வளர்த்தேன். அவர் அங்கேருந்து தினம் கேட்பார், செடி எப்படி இருக்குன்னு. போச்சுன்னு எந்த வாயால சொல்றது? நர்சரிக்காரர் கொடுத்ததை வாங்கி வச்சேன். வீட்டுக்கு வந்ததும் பூவைப் பார்த்துட்டுச் சிரிச்சார். அப்பதான் எனக்கு உயிரே வந்தது. அன்னிலேருந்து அதே மாதிரி ஒரு செடி நர்சரியில எப்பவும் தயாரா இருக்கும்."

"அப்ப... எங்களை மிரட்டினது?"

"மிரட்டினா ஒழுங்கா பார்த்துப்பீங்கன்னுதான். எனக்கு உங்களைவிடப் பயம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மண்ணை இன்னும் கொஞ்சம் மிதிச்சு விடுங்க. நேத்து நட்டதுன்னு பச்சையா தெரியுது."

வெளியே வந்த டீச்சர் சாரை எழுப்பக் கை நீட்டினார்.

"நீ போய் ஏறு. நான் தம்பிகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றார் சார்.

டீச்சர் காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அவர் காத்திருந்தார்.

சார் டெய்லரின் தோளில் கையை வைத்தார்.

"அவளுக்குத் தெரியவே கூடாது தம்பி, பாவம், பயந்துடுவா. நான் வச்சது சிவப்பு" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றிக் காரை நோக்கி நடந்தார்.