செலீனாவின் பதின்மூன்று மணிகள்

மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’. பிறகு ஒரு பரலோக மந்திரம்.

‘வீ’ என்று அருட்பிரகாசத்தின் காது எழுதிக்கொண்டது.

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் தந்தி வாங்கிய காது அது. ஓய்வூதியம் அவருக்குத்தான் கிடைத்தது, காதுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மரியே, ஒரு பரலோகம். ‘ஏ’.

அவருடைய மனைவி செலீனா யன்னலோரம் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். வெளியே சோளகக் காற்று மண்ணை வாரி அடித்தது. கழுதையொன்று படலையில் முதுகை உரசிக்கொண்டு நின்றது. மற்ற நாளென்றால் எழும்பிப் போய்த் துரத்தியிருப்பாள்.

அவள் கையில் இருந்த மணிக்கோவை கனடாவில் இருந்து மகள் றோஸ்மேரி அனுப்பியது. உருண்டை மணிகளும் நீட்டு மணிகளும் மாறி மாறி வரும். பார்சலைப் பிரித்த அன்றே செலீனா எண்ணிப் பார்த்துவிட்டாள்.

“உருண்டை பதின்மூண்டு. இது அந்தோனியார்ர மாலையப்பா. துலைஞ்சதைத் தேடித் தாறவர்.”

பதின்மூன்று அந்தோனியாருக்கு உரிய எண், செவ்வாய் அவருக்கு உரிய நாள். அதற்குமேல் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. உருண்டைக்கு மரியே, நீட்டு மணிக்குப் பரலோகம் என்று முறையையும் அவளே வகுத்துக்கொண்டாள். சிலுவை இல்லாதது ஒன்றுதான் குறை. மடு மாதா கோயிலில் வாங்கிய சின்னச் சிலுவை ஒன்றைக் கறுப்பு நூலால் கட்டி அந்தக் குறையையும் தீர்த்துவிட்டாள்.

இது மூன்றாவது செவ்வாய்.

அது மாலையல்ல, கைச்சங்கிலி. ஒரு பேரைச் சொன்னால் அதன் இங்கிலீசு எழுத்துகளைத் தந்திக் குறியில் மணியாகக் கோத்துத் தருகிற கடைகள் அங்கே இருக்கின்றனவாம். உருண்டை மணி புள்ளி, நீட்டு மணி கோடு. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அருட்பிரகாசம் ஒருவர்தான். முதல்நாளே விரலால் தடவி வாசித்துவிட்டார்.

வலன்ரைன்.

அவர்களுடைய மகன். இரண்டாயிரத்து எட்டில், மன்னார் டவுனுக்குச் சைக்கிள் ரியூப் வாங்கப் போனவன். சைக்கிள் மட்டும் வந்து சேர்ந்தது. மரணச் சான்றிதழ் தரலாம் என்று காணாமல்போனோருக்கான கந்தோரில் சொன்னபோது, செலீனா எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். அவன் எங்கேயோ இருக்கிறான் என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

இப்போது அவனுடைய பேரைத்தான் அவள் வாயால் அடித்துக்கொண்டிருக்கிறாள், அது தெரியாமலேயே. ஒரு பேரை அனுப்ப ஐந்து நிமிடம் எடுக்கிற தந்தியை அருட்பிரகாசம் தன் உத்தியோக காலத்தில் வாங்கியதில்லை. அழுகை வருமோ என்று பார்த்தார். வரவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. றோஸ்மேரி.

‘அப்பா, அம்மாட்டச் சொல்லிட்டீங்களோ? ஞாயிறு ஞானஸ்நானம். வீடியோவில ஃபாதர் பேரைச் சொல்லேக்க அம்மா கேப்பா.’

சங்கிலியில் இருந்தது மகனுடைய பேர் மட்டுமல்ல. போன மாதம் கனடாவில் பிறந்த பேரனுடைய பேரும் அதுதான். தனக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று றோஸ்மேரி இரண்டு செய்வித்திருந்தாள். நேரே சொல்லப் பயந்துபோய், வாசிக்கத் தெரிந்த தகப்பனிடம் வேலையை விட்டுவிட்டாள்.

இந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கிறவரின் பேரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பதில்லை. செத்தவரின் பேரைத்தான் வைப்பார்கள்.

வந்த தந்தியை ஒருநாள்கூடக் கையில் வைத்திருந்தவரல்ல அருட்பிரகாசம். எத்தனை சாவுச் செய்திகளை வாங்கி, எழுதி, உடனுக்குடன் அனுப்பியவர். இது மூன்று கிழமையாகக் கிடக்கிறது.

கடைசி உருண்டை மணியும் முடிந்தது. செலீனா சிலுவையை முத்தமிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“ஆர், றோஸ்மேரியோ? பிள்ளைக்கு என்ன பேராம்?”

“இன்னும் யோசிக்கினமாம்.”

“அந்தோனி எண்டு வைக்கச் சொல்லுங்கோ. வலனைக் கூட்டிக்கொண்டு வரப் போறவர் அவர்தானே.”

அவர் மறுபடி போனை எடுத்தார். திரையைக் கீழே இழுத்தார். பழைய செய்திகள் வரிசையாக ஓடி, மாசி மாதத்தில் வந்து நின்றன.

‘அப்பா, பெடியன் எண்டால் அண்ணான்ர பேரை வைக்கலாமோ? நீங்கள் சொன்னால்தான் வைப்பன்.’

அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், அவருடைய பதில் ஒரேயொரு சொல்லாகக் கிடந்தது.

‘ஓம்.’