தொட்டியடியில் ஈரம்

வீட்டுப் பட்டறையில், பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கக் காற்றை அடைத்து வைக்கும் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தார் பெயின்டர். காற்றிலிருந்து தொட்டியில் சேரும் தண்ணீர் தினமும் அதில் வடியும். ஒரு வாரமாக ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால், கீழே தரை மட்டும் ஈரம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் மெக்கானிக் அலறினார்:

"மழைக்காலத்துல தண்ணி சேராம இருக்குமாண்ணே? துரு அரிச்சுக் கசியுது. வெடிச்சா சுவரே நிக்காது!"

பெயின்டர் சட்டெனச் சுவரைப் பார்த்தார். அதற்கு அந்தப்பக்கம்தான் குழந்தையின் தொட்டில்.

"ஏய், புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு! தொட்டி கசியுது!" கத்தினார்.

மனைவி குழந்தையோடு வந்து தரையைப் பார்த்தாள்.

"கசிஞ்சது தொட்டி இல்ல, உங்க மகன். தினம் காலையில நான்தான் குழாயைத் திறந்து மக்குல தண்ணியப் பிடிச்சுக் கொட்டுறேன். இங்க தூக்கிப் பிடிச்சு, காத்து போற அந்த 'உஸ்ஸ்' சத்தத்தக் கேக்க வெச்சாத்தான் ஐயா ஒண்ணுக்குப் போறாரு!"